பண்டிகை வீட்டில் பிணம்!

கிறிஸ்துமஸ் என்றால் விளக்கு, விருந்து, கேக், பாட்டு. அந்த வீட்டிலே ஒரு பிணம் கிடந்தால்?

இங்கிலாந்தில் பலருக்கு அப்படி ஒரு கதை இருந்தால்தான் பண்டிகை நிறைவு பெறும்! டிசம்பர் வந்ததும் புத்தகக் கடைகளில் கிறிஸ்துமஸ் மர்ம நாவல்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டையில் பனி மூடிய சிற்றூர். தேவாலயக் கோபுரம். ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே கொலை!

புனித நாளில் கொலைக் கதையா, இது தகுமா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நல்ல கதைகளைப் படித்தவர்கள் அவற்றை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

கிழவரின் அழைப்பு

அகதா கிறிஸ்டி எழுதிய "ஹெர்க்யூல் புவாரோவின் கிறிஸ்துமஸ்" 1938-ல் வெளிவந்தது. அதில் சிமியோன் லீ என்று ஒரு கிழவர். தென் ஆப்பிரிக்காவில் வைரத்தால் பணம் சேர்த்தவர். மனைவியைக் கண்ணீர் விடவைத்தவர். பண்டிகைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு வரவேண்டும் என்று அழைக்கிறார்.

பாசமா? இல்லை! வந்தவர்களை எதிரே வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். உயிலை மாற்றப் போவதாக, அவர்கள் காதில் விழும்படி டெலிபோனில் பேசுகிறார். அன்று இரவு, உள்பக்கம் பூட்டிய அறையில், கழுத்து அறுபட்டு ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார்.

அகதாவின் அக்காள் கணவர், "உன் கதைகளில் ரத்தமே இல்லையே" என்ற பொருளில் குறைப்பட்டுக்கொண்டாராம். அவருக்காகவே இதை எழுதி, அவருக்கே சமர்ப்பணமும் செய்தார் அகதா. நல்ல மைத்துனி!

கொலையாளி யார்? அதை இங்கே சொன்னால் படிப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆனால் கதையில் துப்பறியும் புவாரோ சொல்லும் ஒரு கருத்தைச் சொல்லலாம். பண்டிகை நாளில் எல்லாரும் அன்பாக இருப்பதுபோல நடிக்க வேண்டியிருக்கிறது. மனதில் உள்ள கசப்பை அடக்குகிறார்கள். அடக்க அடக்க அது முற்றுகிறது. ஒரு நாள் வெடிக்கிறது.

இது வெறும் கதை அல்ல. ஆண்டு முழுவதும் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். யாருக்குச் சொத்து, யார் அப்பாவுக்குச் செல்லம் என்ற பழைய கணக்கு சாப்பாட்டோடு சேர்ந்து வருகிறது. கொலை நடக்காத வீட்டிலும் இந்தக் கணக்கு உண்டு.

பனி செய்யும் வேலை

ஜெபர்சன் பார்ஜன் 1937-ல் ஒரு நாவல் எழுதினார். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். பனியில் ரயில் நின்றுவிடுகிறது. சில பயணிகள் இறங்கி நடந்து ஒரு வீட்டை அடைகிறார்கள். கதவு திறந்திருக்கிறது. அடுப்பில் நெருப்பு. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. தேநீர்க் கோப்பைகள் தயார். ஆள் மட்டும் யாரும் இல்லை!

மறக்கப்பட்டுக் கிடந்த அந்தப் புத்தகத்தை 2014-ல் பிரிட்டிஷ் நூலகம் மறுபடி அச்சிட்டது. யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது.

பனி பெய்தால் வழி அடைபடும். போலீஸ் உடனே வரமுடியாது. திருடன் வெளியிலிருந்து வந்தான் என்று சாக்குச் சொல்லவும் முடியாது. குற்றவாளி உள்ளேதான் இருக்கிறான்.

வாத்தும் வைரமும்

இந்த வகைக்கு மூத்த கதைகளில் ஒன்று ஷெர்லக் ஹோம்ஸ் கதை. 1892-ல் வந்தது. லண்டனில் நடக்கிறது. ஒரு ஓட்டல் சிப்பந்தி விலை உயர்ந்த நீலக் கல்லைத் திருடுகிறான். பழியைக் குழாய் வேலைக்காரன் ஒருவன்மேல் போட்டுவிடுகிறான். கல்லை ஒரு பெரிய வாத்துக்கு விழுங்கக் கொடுக்கிறான். வாத்து கைமாறிப் போகிறது!

கடைசியில் அகப்பட்டவன் காலில் விழுந்து அழுகிறான். ஹோம்ஸ் அவனை விட்டுவிடுகிறார். மன்னிக்கும் காலம் இது, சிறைக்கு அனுப்பினால் ஆயுள் முழுவதும் குற்றவாளி ஆகிவிடுவான் என்பது அவர் வாதம்.

சரியா? பழி சுமந்து சிறையில் இருந்த குழாய்க்காரன் என்ன ஆவான்? சாட்சி இல்லாததால் வழக்கு நிற்காது, அவன் வெளியே வந்துவிடுவான் என்கிறார் ஹோம்ஸ். ஆனால் அவன் பட்ட அவமானத்துக்கு யார் மன்னிப்புக் கேட்டார்கள்? இரக்கம் திருடனுக்குக் கிடைத்தது. ஏழைக்குக் கிடைத்தது விடுதலை மட்டுமே. பண்டிகை வெளிச்சத்தில் வாசகர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேக்குக்கு நடுவே

அமெரிக்காவில் இந்தக் கதைகள் வேறு உருவம் எடுத்திருக்கின்றன. ஜோன் புளூக் என்ற பெண்மணியின் கதைகளில் துப்பறிபவள் பிஸ்கட் கடைக்காரி. ஊர் சின்ன ஊர். கதைக்கு நடுவே பலகாரம் செய்யும் முறையும் அச்சாகியிருக்கும்! டெலிவிஷனில் 1984 முதல் 1996 வரை ஒரு தொடர் நடந்தது. கேபட் கோவ் என்ற கற்பனை மீனவ ஊர். எத்தனையோ கொலைகள்! அந்த ஊரில் இன்னும் ஆட்கள் மிச்சம் இருக்கிறார்களா என்று ஜனங்கள் கேலி செய்தார்கள்.

கேலி போகட்டும். பலகாரமும் போகட்டும். செத்தவருக்காக ஒருவராவது அழுகிறாரா என்பதுதான் பார்க்கவேண்டியது. சிமியோன் லீ கெட்டவர்தான். ஆனாலும் அவர் சாவு அந்த வீட்டையே உலுக்குகிறது.  இந்நாளில் வரும் மலிவான புத்தகங்களிலோ இரண்டாம் அத்தியாயத்தில் பிணம், மூன்றாம் அத்தியாயத்தில் கேக்! செத்தவர் பெயர்கூடப் படிப்பவர் நினைவில் நிற்பதில்லை. அவற்றைச் சமையல் புத்தகம் என்றே விற்றுவிடலாம்.