குழந்தையின் கையில் எதைக் கொடுக்கிறோம்?

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களின் பின் குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தோம். பெருநாள் காசில் வாங்கிய பிளாஸ்ரிக் கார் ஒன்று சில்லுக் கழன்று வேலியோரம் கிடந்தது. அதன் சொந்தக்காரனான நான்கு வயதுச் சிறுவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானா செய்து கொடுத்த வேறொரு வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினான். வெற்றுப் போத்தல்தான் வண்டி, மூடிகள்தான் சில்லு. ஓடிக் களைத்து நின்றபோது போத்தலின் கழுத்தை வாயில் வைத்துக் கடித்தான்.

வாங்கிப் பார்த்தோம். வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியின் போத்தல் அது. "கழுவித்தானே குடுத்த" என்றார் உம்மா.

அந்தத் தாயைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. காசு கொடுத்து வாங்கியது இரண்டு நாளில் உடைந்தது. காசில்லாமல் செய்தது நஞ்சுப் போத்தலாய் அமைந்தது. இரண்டுக்கும் காரணம் அன்புக் குறைவல்ல. விளையாட்டுப் பொருள் என்றால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்ற எமது பொதுவான எண்ணமே காரணம்.

"கடைப் பொருள் எல்லாம் கெட்டது, கையால் செய்தது எல்லாம் நல்லது" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு பொருளைக் குழந்தையின் கையில் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து. இது எதனால் ஆனது? இது முன்பு எதற்குப் பயன்பட்டது? இது எந்த வயதுப் பிள்ளைக்கு உரியது?

முதலாவது கேள்வியை எடுப்போம். பளபளக்கும் வர்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் வளர்ந்தவரின் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பனிகளில் ஒன்றான மாட்டெல், 2007ஆம் ஆண்டில் வர்ணப்பூச்சில் ஈயம் இருந்த காரணத்தால் இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திருப்பி எடுக்க நேர்ந்தது. பெரிய கம்பனிக்கே அப்படியென்றால், பெயரும் முகவரியும் இல்லாத பொதியில் வரும் பொருளைப் பற்றி என்ன சொல்வது?

பிளாஸ்ரிக்கை மென்மையாக்கக் கலக்கும் தலேற்று என்னும் இரசாயனங்கள் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் சிறுவர் பொருட்களில் தடைசெய்தது. எமது நாட்டில் 2021 மார்ச் 31 முதல், பலூன், பந்து, நீரில் மிதக்கும் விளையாட்டுப் பொருட்கள் தவிர்ந்த, காற்றடைக்கும் பிளாஸ்ரிக் பொம்மைகள் தடைசெய்யப்பட்டன. பாவித்து எறிந்தபின் அவை சூழலுக்குச் சுமையாவதே அத்தடைக்குக் காரணம். உடைந்த பிளாஸ்ரிக் கார் உக்கிப்போவதில்லை. முற்றத்தில் எரித்தால் நச்சுப் புகை; எறிந்தால் மழை வெள்ளத்தோடு வாய்க்கால் வழியே களப்புக்கும் கொட்டியாரக்குடாவுக்கும் போகும்.

அப்படியானால் இயற்கைப் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் கூடாது. ஈயமும் நிலத்திலிருந்து எடுப்பதுதானே! முற்காலத்தில் சிவப்பு நிறம் தந்த சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு. மஞ்சள் நிறம் தந்த அரிதாரத்தில் ஆசனிக் உண்டு. சிவப்பும் கறுப்புமாய் மினுங்கும் குண்டுமணியைப் பிள்ளைகள் கோத்து விளையாடுவர். அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஊசியால் துளைத்த மணியில் காவலான மேல்தோல் உடைந்திருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். ஆமணக்கு, மஞ்சள் அலரி ஆகியவற்றின் விதைகளும் அத்தகையவையே. வேலியில் காய்த்தது என்பதால் அது விளையாட்டுப் பொருளாகிவிடாது.

இரண்டாவது கேள்வி, முன்பு எதற்குப் பயன்பட்டது என்பது. வயலும் கடலும் சூழ்ந்த கிண்ணியாப் பகுதியில் இக்கேள்வி மிகவும் முக்கியம். கிருமிநாசினிப் போத்தலை ஒருமுறை அலசினால் நஞ்சு நீங்கிவிடாது. தெளிக்கும் இடத்திலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டுவிட வேண்டும். துளையிட்ட போத்தலை எவரும் வேறு தேவைக்கு எடுக்கமாட்டார்கள். வலையில் கட்டும் ஈயக் குண்டும் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுச் சாமானாகத் தோன்றும். அது வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கதவு, பழைய தோணி ஆகியவற்றின் வர்ணம் பூசிய பலகையில் பொம்மை செய்யக் கூடாது. அதைச் சீவும்போது பறக்கும் தூளிலும் ஈயம் இருக்கலாம். 2009இல் முடிந்த நீண்ட போரைக் கண்ட மாவட்டம் எமது மாவட்டம். காட்டிலும் கரையிலும் கிடக்கும் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல் பெரியவரிடம் சொல்லும்படி இன்றும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி வயது பற்றியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் முதலில் வாயால்தான் அறிகிறது. பல நாடுகளில் பொம்மைகளைச் சோதிக்க 3.17 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு குழாய் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அதற்குள் முழுமையாக அடங்கும் பொருள் சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். புளியங்கொட்டை, சோகி, மாபிள் எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுப் பொருட்கள். தவழும் குழந்தைக்கு எமன். ஒளிரும் பொம்மைகளில் உள்ள பொத்தான் அளவுப் பற்றரி இன்னும் கொடியது. விழுங்கிய இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதியாது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் தேறக்கூடிய பொருட்கள் எமது கிராமங்களில் இல்லையா? நிறைய உண்டு. பனையோலையில் பந்து, தென்னோலையில் காற்றாடியும் பாம்பும், நுங்குக் கோம்பையில் வண்டில், வழவழப்பாகத் தேய்த்த சிரட்டையில் மண் சோறு சமைக்கும் பாத்திரம், சீலைத் துண்டில் பொம்மை, சுத்தமான களிமண்ணில் சட்டி பானை. உம்மம்மாமாருக்கு இவையெல்லாம் கைவந்த வேலை. ஓலையின் கூர்நுனியையும் மட்டையின் கருக்கையும் நீக்கிவிட வேண்டும். காய்ந்து பிரியத் தொடங்கியதும் எறிந்துவிட வேண்டும். எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகும்.

இன்னொன்று, தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் மரத் துண்டுகள். வர்ணமோ மெருகெண்ணெயோ படாத துண்டுகளைக் குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மூலைகளை மழுக்கி, சிராம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் போதும். ஆணியும் வேண்டாம், வர்ணமும் வேண்டாம். ஒரு நாள் அது வீடு, மறுநாள் பாலம், அடுத்த நாள் தோணி. பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மையில் பாடுவது பொம்மைதான். மரத்துண்டில் யோசிப்பது பிள்ளை.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே? பிளாஸ்ரிக் மலிவு, கழுவவும் இலகு" என்று கேட்பவர்களின் நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. வேலைக்குப் போய்வரும் தாய்க்கு ஓலை பின்ன நேரமில்லை. ஆதலால் இதை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் சுமத்தாமல் முன்பள்ளிகள் பொறுப்பேற்க வேண்டும். மாதத்தில் ஒரு பிற்பகல் தாய்மாரும் மூத்தோரும் கூடினால் ஒரு முன்பள்ளிக்கு வேண்டிய பொருட்களைச் செய்துவிடலாம். தச்சரிடம் துண்டுகளைக் கேட்கலாம். செய்த வேலைக்குக் கூலியும் கொடுக்கலாம். முன்பள்ளிகளுக்குப் பொம்மைப் பெட்டி வழங்கி நிழற்படம் எடுக்கும் நிறுவனங்களும், எம்மைப் போன்றோர் உட்பட, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஊர்த் தச்சருக்கும் ஓலை பின்னும் பெண்களுக்கும் கொடுக்க முன்வர வேண்டும்.

2021 நவம்பர் 23ஆம் திகதியை குறிஞ்சாக்கேணி மறவாது. பாலம் கட்டி முடியாதிருந்த வேளையில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தனர். படகு பாதுகாப்பானதா என்று முன்னரே யார் பார்த்தார்கள் என அன்று நாடு முழுவதும் கேட்டது. பிள்ளைகள் போன பின்னரே அக்கேள்வி எழுந்தது. அந்தப் பெருந்துயரோடு ஒரு பொம்மையை ஒப்பிட நாம் துணியவில்லை. ஆயினும் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் எதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பதை இந்த ஊருக்கு வேறெவரும் சொல்லத் தேவையில்லை. படகைப் பார்ப்பது அதிகாரிகளின் கடமை. போத்தலையும் பொம்மையையும் பார்ப்பது எம் எல்லோருடைய கடமை.

அன்று நாம் புறப்படுமுன் அந்த நானா போத்தல் வண்டியைத் தானாகவே கழற்றினான். அடுத்த பருவத்தில் நுங்கு வண்டில் செய்து தருவதாகத் தம்பியிடம் சொன்னான். தம்பிக்கு அதுவரை பொறுமையில்லை, அழுதான். அந்த அழுகைக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் நாமல்லவா?