கசிவது பை, குற்றவாளி யார்?

"உனக்குப் பை ஒத்துக்கொள்ளவில்லை!"

இது ஒரு வரித் தீர்ப்பு. செங்கல்பட்டு முதல் சதுரங்கப்பட்டினம் வரை, திருக்கழுக்குன்றம் முதல் கோவளம் வரை, வயிற்றில் பை அணிந்து வாழும் ஏழை உழைப்பாளி கேட்டுக் கேட்டுச் சலித்த தீர்ப்பு. பை கசிகிறதா? ஜாக்கிரதை போதாது. தோல் வெந்துவிட்டதா? சுத்தம் போதாது. வேலைக்குப் போக முடியவில்லையா? உயிர் பிழைத்ததே பெரிது, வீட்டோடு இரு! இப்படியே பழி முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது.

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க மறுக்கிறோம்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுவோம். குடலில் புற்றுநோய், அடைப்பு, விபத்தில் பட்ட காயம் போன்ற காரணங்களால் சிலருக்கு ஆபரேஷன் செய்து, குடலின் முனையை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். இதற்கு 'ஸ்டோமா' என்று பெயர். ஆசனவாயில் உள்ளதுபோல் அடக்கிவைக்கும் தசை இங்கே கிடையாது. மலம் தன் போக்கில் வரும். அதைத் தாங்கப் பசைத் தட்டும் பையும் வேண்டும். சிலருக்குச் சில மாதங்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும்.

ஆகவே பை என்பது ஆடம்பரம் அல்ல. அது உடம்பின் ஓர் உறுப்பு. ஒட்டாத பையைக் கொடுப்பது, ஓட்டைப் படகைக் கொடுத்துக் கடலுக்குப் போ என்பதற்குச் சமம்.

பை ஏன் கசிகிறது?

காரணங்கள் மர்மமானவை அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம் அளவு. ஆபரேஷன் ஆன புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கிவிடும். ஆஸ்பத்திரியில் முதல் நாள் வெட்டிக் கொடுத்த அளவையே ஆறு மாதம் கழித்தும் வெட்டினால், தட்டின் துவாரத்துக்கும் ஸ்டோமாவுக்கும் நடுவே தோல் திறந்து கிடக்கும். மலம் அங்கே இறங்கும். சிறுகுடல் ஸ்டோமாவானால் செரிமான நீர் தோலையே அரிக்கும். புண்ணான தோலில் ஈரம் கசியும். ஈரத்தில் பசை ஒட்டாது. ஒட்டாததால் மீண்டும் கசியும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற வழி எளிது. ஸ்டோமாவை மீண்டும் அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். ஓர் அளவுக் காகிதமும், பத்து நிமிஷம் செலவிடும் ஒரு நர்ஸும் போதும்!

இரண்டாவது காரணம் இடம். ஸ்டோமா வைக்கும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே பேனாவால் குறிக்க வேண்டும். மடிப்பு, தழும்பு, தொப்புள், இடுப்புக்கட்டு ஆகியவற்றை விலக்க வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து மட்டும் பார்த்தால் போதாது; உட்காரவைத்து, குனியவைத்து, நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். நம் ஜனங்களுக்கு இன்னும் ஒன்று வேண்டும்: குத்துக்காலிட்டும் சம்மணமிட்டும் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பி நாற்காலியிலா உட்கார்ந்து கல் செதுக்குகிறார்? பாலாற்றுப் படுகையில் நடவு நடும் பெண் நிமிர்ந்து நின்றா நாற்று நடுகிறார்? கட்டிலில் படுத்திருக்கும்போது சமமாகத் தெரிந்த வயிறு, வயலில் குனிந்தவுடன் மூன்றாய் மடிகிறது. அந்த மடிப்பில் ஸ்டோமா விழுந்தால் எந்தப் பசைதான் நிற்கும்? மடிப்பை நிரப்பும் பேஸ்ட், உட்குழிந்த ஸ்டோமாவுக்குக் குவிந்த தட்டு, இழுத்துப் பிடிக்கும் பெல்ட் ஆகியவை உண்டு. அவற்றைப் பற்றி ஏழைக்கு யார் சொல்கிறார்கள்?

மூன்றாவது காரணம் வாழ்க்கை. வலை இழுக்கும் மீனவரை எடுத்துக்கொள்வோம். உப்புக் காற்று, வியர்வை, இடுப்பில் இறுகக் கட்டிய லுங்கி. பையின் நடுவே லுங்கிக் கட்டு அழுத்தினால் மலம் கீழே இறங்காது. தட்டின் அடியில் புகும். பெண்களுக்குப் பாவாடை நாடா இதே வேலையைச் செய்கிறது. கட்டை ஸ்டோமாவுக்கு மேலோ கீழோ மாற்றிக் கட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். வெந்த தோலில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், பவுடர் போடுகிறார்கள். பாட்டி வைத்தியம் இங்கே எதிரி! எண்ணெய்ப் பசை உள்ள தோலில் தட்டு ஒட்டாது. வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, காலையில் பசியாறும் முன் தட்டை ஒட்டி, உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் பிடிப்பு வரும். ஸ்டோமா கறுத்தாலும், ரத்தம் நிற்காமல் வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இவ்வளவுதான் வித்தை! இதைக் கற்றுத் தராமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கசிந்ததும் நோயாளியைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

சிக்கனமா, நிர்ப்பந்தமா?

கடைசிக் காரணத்தைப் பலர் பேசுவதில்லை. அது பணம். நல்ல பை ஒன்றின் விலை நூறு ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு துண்டு வகையில் தட்டுக்குத் தனி விலை, பைக்குத் தனி விலை. ஆகவே மூன்று நாளில் மாற்ற வேண்டிய தட்டைப் பத்து நாள் ஓட்டுகிறார்கள். ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள். பையே இல்லாமல் பழந்துணியும் பாலிதீன் பையும் கட்டிக்கொள்கிறார்கள். "அறியாமை" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இல்லை ஐயா, இது கூலியின் கணக்கு!

இந்த ஏழையிடம் சர்க்கார் என்ன செய்தது? வரி போட்டது! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஸ்டோமாப் பைக்கும், தட்டுக்கும், பேஸ்ட்டுக்கும், பெல்ட்டுக்கும் 12 சதவீதம் விதித்தார்கள். ஐந்து வருஷம் வசூலித்த பிறகு, 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்ததைச் சாதனை என்கிறார்கள். மலம் கழிப்பதற்கு வரி போட்டதே வெட்கக்கேடு அல்லவா?

முடியாத காரியமா?

"வெளிநாட்டுச் சரக்கு, விலை அப்படித்தான்" என்று சமாதானம் சொல்வார்கள். சரித்திரத்தைப் பார்ப்போம். 1954-இல் டென்மார்க்கில் எலிஸே ஸோரென்ஸன் என்ற நர்ஸ், ஆபரேஷன் ஆன தன் தங்கை வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சியதைக் கண்டு, ஒட்டும் பையை யோசித்தார். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், தாமே ஸ்டோமாவுடன் வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்மணியை நோயாளிகளுக்குக் கற்றுத்தர அமர்த்தினார். 1961-இல் அங்கே இதற்கென்று பள்ளியே திறந்தார்கள். வழி திறந்தவர்கள் நர்ஸும் நோயாளியும்தான்!

அந்தக் காலத்தில் தோலைக் காக்க டர்ன்புல் கையாண்ட கராயா பிசின் எங்கிருந்து போயிற்று? அதில் பெரும்பகுதி நம் இந்தியக் காட்டு மரங்களின் பிசின். ஆதிவாசிகள் வெயிலில் அலைந்து சேகரித்தது. நம் காட்டுப் பிசின் கப்பலேறியது. பை விலையேறித் திரும்பி வந்தது!

இன்றைய தட்டில் என்ன இருக்கிறது? பழத்தோலில் எடுக்கும் பெக்டின், ஜெலட்டின், மரக்கூழில் செய்யும் சி.எம்.சி. தூள், ரப்பர் போன்ற பசை. கல்பாக்கத்தில் 1985-இலேயே வேக ஈனுலையை இயக்கிக் காட்டிய நாட்டுக்கு ஒரு பசைத் தட்டு செய்வது பிரமாதமா? செங்கல்பட்டிலேயே 330 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்க 2016-இல் மத்திய மந்திரி சபை சம்மதம் தந்தது. பொதுத்துறை எச்.எல்.எல். நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள நிலம் அது. இறக்குமதியைக் குறைத்து மலிவாகக் கொடுப்பதே நோக்கம் என்றார்கள். நாம் கேட்கிறோம்: அந்தப் பட்டியலில் இந்தப் பைக்கு இடம் உண்டா, இல்லையா?

பிரிட்டனில் நிரந்தர ஸ்டோமா உள்ளவர் மருந்துச் சீட்டுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இங்கேயும் வழி இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் துவக்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். அந்தப் பை ஏறிய வண்டியில் இந்தப் பை ஏறாதா?

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஸ்டோமா ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் பயிற்சி பெற்ற ஸ்டோமா நர்ஸ் வேண்டும். ஆபரேஷனுக்கு முன் குறியிடுவதும், எட்டாவது வாரம் மறு அளவு எடுப்பதும் கட்டாயமாக வேண்டும்.

இரண்டு: பை, தட்டு, பேஸ்ட், பெல்ட் ஆகியவற்றை மாதந்தோறும் இலவசமாகத் தர வேண்டும்; கடற்கரைக் குப்பங்களுக்கு வீடு தேடி வர வேண்டும்.

மூன்று: வரி ஒரு சதவீதம்கூடக் கூடாது.

நான்கு: செங்கல்பட்டு மண்ணில் பொதுத்துறையில் பை உற்பத்தி செய்ய வேண்டும்.

பை அணிந்த சகோதர சகோதரிகளே! கசிவை மறைத்து வீட்டுக்குள் முடங்காதீர்கள். அது உங்கள் குற்றம் அல்ல. அடுத்தமுறை "உனக்குப் பை ஒத்துக்கொள்ளவில்லை" என்று யாராவது சொன்னால், திருப்பிக் கேளுங்கள்: "என் உடம்பை யார் அளந்தார்கள்?"