ஈரலுக்கு ஓர் அமினோ அமிலம்

குடியினால் ஈரல் கெட்டுக் கிடப்பவரின் வீட்டார், ஏதோ ஒரு மருந்து உண்டென்று காதில் விழுந்த மாத்திரத்திலேயே அதை வாங்கிவர ஓடுவதைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தவிப்பையே மூலதனமாக்கி, அமினோ அமில மாத்திரைகளை ஈரலின் ரட்சகனென்று விளம்பரம் செய்வோருக்கு அத்தகைய தாட்சண்யம் காட்ட வேண்டிய அவசியமில்லை.

சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து செய்யப்படும் என்-அசிட்டைல்சிஸ்டைன், பாராசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவர்களுக்கு மாற்று மருந்தாக நெடுங்காலமாய் ஆஸ்பத்திரிகளில் வழங்கிவருவது. ஓயாத குடியினால் ஈரலில் வற்றிப்போகும் குளூட்டாத்தயோன் என்ற காப்புப் பொருளை இது மீண்டும் ஊறச் செய்யும் என்பதே இதன்மேல் வைத்த நம்பிக்கைக்கு ஆதாரம். யுக்தி அழகானதுதான், ஆனால் அழகான யுக்திகள் பல நோயாளியின் கட்டிலருகே வந்ததும் பொய்த்துப்போனதை வைத்திய சாஸ்திரம் அறியும்.

பிரெஞ்சு வைத்தியர்கள், மதுவினால் கடுமையான ஈரல் அழற்சி கண்ட 174 பேருக்குப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மட்டும் ஐந்து நாட்கள் என்-அசிட்டைல்சிஸ்டைனையும் இரத்தக்குழாய் வழியே ஏற்றி, 2011-இல் வெளியிட்ட முடிவு ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. ஒரு மாதத்துக்குள் மாண்டவர்கள் பிரெட்னிசோலோன் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேர், இரண்டும் பெற்றவர்களில் 8 பேர். தொற்று நோய்களும் பின்னவர்களிடம் குறைவு. எனினும் பரிசோதகர்கள் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட கெடு ஆறு மாதம். அப்போது இறப்பு 38-க்கு 27 என்று நின்றபடியால், வித்தியாசம் தற்செயலென்னும் சந்தேகத்தைப் போக்க அது போதவில்லை. ஒரு மாதக் கணக்கை மட்டும் உயர்த்திப் பேசுவது, பரீட்சை முடிந்தபின் கேள்வித்தாளைத் திருத்துவது போன்றதாகும்.

மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து பிறக்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனின் கதையும் இதுவே. 1999-இல் ஸ்பெயின் தேசத்தார் வெளியிட்ட ஈராண்டுப் பரிசோதனையில், நோய் மிக முற்றியவர்களை நீக்கிப் பார்த்தபோதுதான் பலன் உறுதியாயிற்று. பின்னர் அமெரிக்காவில் 37 பேரிடம் 24 வாரம் நடந்த சிறு ஆராய்ச்சியில் அனுகூலம் ஏதும் காணப்படவில்லை.

ஆகவே, பிரெட்னிசோலோனுடன் சேர்த்து ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்தென்ற அளவில் என்-அசிட்டைல்சிஸ்டைன் இன்னும் பெரியதொரு பரிசோதனைக்குத் தகுதியுடையது. கடையில் விற்கும் மாத்திரைக்கோ அந்தப் பிரெஞ்சு ஆராய்ச்சி சாட்சியாகாது. கண் மஞ்சளித்தவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைக்கென எடுத்துவைத்த பணத்தைக் குடியை நிறுத்தும் சிகிச்சைக்குச் செலவிடுங்கள்.