குற்றவாளியா, கூட நின்றவனா?

அரசியல் மேடைகளில் எதிராளியைத் தூற்றப் பயன்படும் சொற்களுள் 'ஒட்டுண்ணி' என்பதும் ஒன்று. பிறர் உழைப்பை உறிஞ்சி வாழ்பவன் என்ற பொருளில் அது வீசப்படுகிறது. உயிரியல் ஆய்வுகூடங்களில் அச்சொல்லுக்கு இத்தனை எளிதான தீர்ப்பு இல்லை. பற்றீரியாக்களையே விருந்துவழங்கிகளாகக் கொண்டு வாழும் பற்றீரியாக்களைப் பற்றி வாசித்தபோது, கலைப்பட்டதாரியான எனக்கு உயிரியலைவிட நீதியைப் பற்றியும் பொறுமையைப் பற்றியுமே அதிகம் சிந்திக்கத் தோன்றியது.

ஜேர்மனிய ஆய்வாளரான ஹைன்ஸ் ஸ்ரொல்ப், மண்ணில் பற்றீரியாக்களை அழிக்கும் வைரசுகளைத் தேடிக்கொண்டிருந்தார். வைரசின் தாக்கம் வளர்ப்புத் தட்டில் ஏறத்தாழ ஒரு நாளில் தெரிந்துவிடும். அவரோ தட்டுகளை வீசிவிடாமல் மேலும் சில நாட்கள் வைத்துப் பார்த்தார். பிந்தித் தோன்றிய தெளிந்த புள்ளிகளுக்குக் காரணம் வைரசு அன்று, இன்னொரு பற்றீரியா என்பது அப்போது புலனாயிற்று. 1962 இல் இது வெளியானது. அட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை முன்னே வைத்து அவ்வுயிருக்கு 'டெல்லோவிப்ரியோ' எனப் பெயரிட்டனர்.

இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. 1996 இல் ஜேர்மனியச் சதுப்பு நிலமொன்றின் முற்றா நிலக்கரிப் படையிலிருந்து, அதுவரை அறியப்படாத பற்றீரியா வகையொன்றின் பரம்பரையலகுத் தடயம் கிடைத்தது. 'சதுப்புக்கரி, நடுப்படை' என்னும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகளால் அதனை 'ரி.எம்.7' என்றனர். மனிதரின் வாயிலும் அதன் உறவினங்கள் இருப்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் அவற்றுள் ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டிய ஆய்வு 2015 இல்தான் வெளிவந்தது. லொஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் சியாட்டிலிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகமும் அதில் பங்கெடுத்தன.

தாமதத்தின் காரணமும் அப்போது விளங்கியது. அது தனித்து வாழத் தெரியாத உயிர். 200 முதல் 300 நனோமீற்றர் வரையான அந்தச் சின்னஞ்சிறு கோளம், அக்ரினோமைசிஸ் என்னும் பற்றீரியாவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டே வாழ்கிறது. ஓர் அமினோ அமிலத்தைக்கூடச் சொந்தமாக ஆக்கும் ஆற்றல் அதற்கில்லை. விருந்துவழங்கியை விலக்கிவிட்டு அதை வளர்க்க முயன்றால் எஞ்சுவது வெறுந்தட்டுத்தான்.

முரசு நோயுள்ளவர்களின் வாயில் இவ்வகை பற்றீரியாக்கள் கூடுதலாகக் காணப்பட்டமையால், இவையே நோய்க்குக் காரணமாகலாம் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள போர்சித் நிறுவன ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2021 இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. ஒட்டுண்ணி ஏறிய விருந்துவழங்கிப் பற்றீரியாவின் தீங்கு தணிந்தது. முரசின் அழற்சியும் எலும்புத் தேய்வும் குறைந்தன. சுண்டெலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று எவரும் உறுதி கூறிவிட முடியாது. ஆனால் குற்றம் நடந்த இடத்தில் நின்றவனெல்லாம் குற்றவாளி அல்லன் என்ற பழைய நீதி இங்கும் பொருந்துவதைக் காண்கிறோம். பத்திரிகைத் தொழிலில் இருப்போர் இதை அடிக்கடி நினைவூட்டிக்கொள்வது நல்லது.

'இவற்றால் நாட்டுக்கு என்ன பயன்?' என்று கேட்போர் எங்கும் உள்ளனர். மக்கள் பணத்தைச் செலவிடுவோரிடம் அக்கேள்வியைக் கேட்பது தவறன்று. விடையை அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் எதிர்பார்ப்பதுதான் தவறு.

இத்தகைய ஆய்வுகளில் நாளாந்தம் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருப்போருள் பலர், கலாநிதிப் பட்டம் பெற்றபின் தற்காலிக நியமனத்தில் பணிபுரியும் இளம் ஆய்வாளர்கள். ஓராண்டு, ஈராண்டு, மிஞ்சினால் சில ஆண்டுகள் என்றே அவர்களது ஒப்பந்தங்கள் அமைகின்றன. ரி.எம்.7 இன் தடயத்திலிருந்து அதன் வளர்ப்பு வரை சென்ற காலமோ 19 ஆண்டுகள். மூன்றாண்டு ஒப்பந்தக்காரர் அறுவர் ஒருவர்பின் ஒருவராக வந்து வெறுந்தட்டுகளோடு திரும்பிப் போயிருக்கக்கூடிய காலம் அது. அந்த அறுவரையும் தோற்றவர்கள் என்று எழுதிவிடுவது எமக்கு எளிது. ஏழாமவர் அவர்களின் தோள்மீதே நிற்கிறார் என்பதை எழுதுவோர் சிலரே.

பெறுபேறு வந்தபின் பாராட்டுவதற்குப் பெரிய மனம் தேவையில்லை. பெறுபேறு தென்படாத ஆண்டுகளில் சம்பளம் கொடுப்பதற்கே அது தேவை. நிதி வழங்கும் அரசுகளும் அறக்கட்டளைகளும் இளம் ஆய்வாளரின் ஒப்பந்தக் காலத்தை, அவர் ஆராயும் உயிரின் போக்கைக் கருத்திற்கொண்டு வரையறுக்க வேண்டும். ஸ்ரொல்ப் தமது தட்டுகளை முதல் நாளே கழுவிவிட்டிருந்தால், பற்றீரியாவுக்கும் ஓர் அட்டை உண்டென்பதை அறிய உலகம் இன்னும் எத்தனை காலம் காத்திருந்திருக்குமோ!