குட்டி ஓரிக்கு வேட்டை உடை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. ஆடி 17, 18-ல் செம்மேட்டில் அவனுக்கு விழா. பள்ளி மாறுவேடப் போட்டிக்கு எங்க வீட்டு வாண்டுக்கும் ஓரி வேஷம்தான் வேணுமாம்!

வாடகைக்கு எடுத்த ஜிகினா உடையை முதல் நாள் போட்டுப் பார்த்தோம். அரை மணியில் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அன்றிரவே என் பழைய பழுப்பு நூல் புடவையைக் கிழித்தேன். முழங்கால் வரை கச்சம், தோளில் குறுக்குப் பட்டை, தலைக்கு ஒரு பட்டி. ஊக்கு குத்துமே என்று முடிச்சுப் போட நாடா தைத்தேன். செலவு 20 ரூபாய்தான். கழுத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

அம்புக்கு ஈர்க்குச்சி வேண்டவே வேண்டாம், சகோதரிகளே! கண்ணில் பட்டால் ஆயுசுக்கும் துக்கம். செய்தித்தாளைச் சுருட்டி, நுனியில் பஞ்சு வைத்துத் துணியால் கட்டுங்கள். பரிசு வராவிட்டால் போகிறது. பிள்ளை சிரித்துக்கொண்டே வீடு திரும்பட்டும்.