பிறந்த ஊரும் சோறிட்ட ஊரும்



சென்ற ஞாயிறன்று தாராவி 90 அடிச் சாலையருகே நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே பாட்டனாருக்கும் பேரனுக்கும் பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, இளமையில் இந்நகருக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் உழைத்து ஓய்ந்தவர். பேரனோ இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்று, மழைக்காலச் சேற்றில் பந்துதைத்து வளர்பவன். கால்பந்தாட்டத்தில் சென்னைக் குழுவும் மும்பைக் குழுவும் எதிரெதிர் நின்றால் நம் வீட்டார் எந்தப் பக்கம் நிற்பது? இதுவே வழக்கு.

"நம்ம ஊருக் குழு சென்னைதானேலே!" என்றார் பெரியவர்.

"எனக்கு ஊரு இதுதானே, தாத்தா!" என்றான் சிறுவன்.

நம்மை நடுவராக இருக்கச் சொன்னார்கள். காபியைக் குடித்து முடித்தோமேயன்றித் தீர்ப்பு எதுவும் கூற நம்மால் இயலவில்லை. வீடு திரும்பும் வழியிலேதான் இவ்வழக்கை வாழ்ந்து பார்த்த ஒருவரின் நினைவு வந்தது. அவர் தமிழரல்லர், பிரேசில் நாட்டினர். பெயர் ஸிக்கோ.

ஆர்தர் அன்டூனெஸ் கோயிம்ப்ரா என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். 1953-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ நகரிற் பிறந்தார். ஃபிளமெங்கோ கழகத்தின் ஆட்டக்காரராகப் புகழ்பெற்று, 1978, 1982, 1986 ஆகிய மூன்று உலகக் கோப்பைப் போட்டிகளில் தம் நாட்டிற்காக ஆடினார். ஆயினும் அக்கோப்பையை வெல்லும் பேறு அவருக்கு ஒருமுறையும் வாய்க்கவில்லை.

38-ஆம் வயதில், பலரும் ஆட்டத்தை விட்டு ஓய்ந்தமரும் பருவத்தில், 1991-இல் அவர் ஜப்பானுக்குப் புறப்பட்டார். சென்று சேர்ந்த இடம் தலைநகரன்று; கஷிமா என்னும் சிற்றூர். அங்கிருந்த உருக்கு ஆலையின் குழு இரண்டாந் தரப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. உலகம் அறிந்த ஆட்டக்காரர் ஒருவர் அங்கே போய், பயிற்சிக்கு எவ்வாறு வருவது, தோல்வியை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்பது முதலாக எல்லாவற்றையும் பொறுமையுடன் கற்பித்தார். அந்த ஆலைக் குழுவே கஷிமா அன்ட்லர்ஸ் என்னும் கழகமாயிற்று. 1993-இல் ஜப்பானின் தொழில்முறைப் போட்டித் தொடர் தொடங்கியபோது, தம் குழுவின் முதல் ஆட்டத்திலேயே ஸிக்கோ மூன்று கோல்கள் அடித்தார். கஷிமா 5-0 என வென்றது. அவ்வூரார் அவருக்குச் சிலை எடுத்தனர்.

2002-இல் ஜப்பான் நாட்டுக் குழுவின் பயிற்சியாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 2004-இல் ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பெய்ஜிங் நகரில் சீனாவையே 3-1 என வென்று கொடுத்தார். பின்னர் வந்தது 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பை. நாம் சொல்ல வந்த செய்தி இங்கேதான் இருக்கிறது.

அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள், ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஜப்பானை எதிர்த்து ஆடிய நாடு எது? பிரேசில்! தாம் எந்தச் சட்டையை அணிந்து புகழ் பெற்றாரோ, அந்த மஞ்சட் சட்டையை வெல்வதற்கு ஜப்பானிய இளைஞர்களுக்கு வழி சொல்ல வேண்டிய நிலை ஸிக்கோவுக்கு. எதிர்ப்புறம் பிரேசிலின் பயிற்சியாளராக நின்ற பரேய்ராவும் குவைத், சவூதி அரேபியா முதலிய நாடுகளுக்குச் சென்று உழைத்தவரே. முதற் கோலை ஜப்பான் அடித்தது. முடிவில் பிரேசில் 4-1 என வென்றது. 2012-இல் ஈராக் நாட்டின் பயிற்சியாளராக அவர் மறுபடியும் பிரேசிலை எதிர்த்து நிற்க நேர்ந்தது. அன்று 6-0 எனத் தோற்றார். சோறிட்ட நாட்டிற்காக உழைத்தமையால் அவர் பிறந்த நாட்டிற்கு அயலாராகிவிடவில்லை. ரியோ நகரத்தார் இன்றும் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே போற்றுகின்றனர்.

அயலூர்ப் பிழைப்பின் மேடுபள்ளங்களையும் அவர் கண்டார். துருக்கியில் ஃபெனர்பாச்சே கழகத்தை அதன் நூறாம் ஆண்டில் வாகை சூடச் செய்தார். உஸ்பெக்கிஸ்தானிலும் மாஸ்கோவிலும் கோப்பைகள் வென்றார். கிரேக்க நாட்டிலோ சில திங்களே நீடித்தார். 2010 சனவரியில் விலக்கப்பட்டார். ஒப்பந்தம் நிறைவேற்றப்படவில்லை என்று கூறி 2012 நவம்பரில் ஈராக் பொறுப்பைத் துறந்தார். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியுள்ள நம் வீடுகளுக்கு இத்தகைய செய்தி புதிதன்று.

2014-இல் நம் அண்டையிலுள்ள கோவாவுக்கே வந்து சேர்ந்தார். 61 வயது. முதலாண்டில் அரையிறுதி வரை அழைத்துச் சென்றார். மறு ஆண்டு அவர் குழு நம் மும்பைக் குழுவை 7-0 எனத் தோற்கடித்தது. நாம் குறிப்பிட்ட சிறுவன் வளர்ந்தபின் இதை எவரோ சொல்லக் கேட்டு இன்றும் வருந்துகிறான்! அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் கோவாவை எதிர்த்து நின்றது சென்னைக் குழு. 87-ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என முந்திற்று. கோப்பை கைக்கு வந்துவிட்டது போன்ற நிலை. ஆனால் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் விழ, 3-2 எனச் சென்னை வென்றது. அடுத்த ஆண்டு கோவா கடைசி இடத்திற்கு இறங்கிற்று, ஸிக்கோவும் விடைபெற்றார்.

அத்துடன் கதை முடியவில்லை. 2018-இல் கஷிமா அவரை மீண்டும் அழைத்துப் பொறுப்பளித்தது. அவ்வாண்டே அக்கழகம் ஆசியக் கழகங்களின் வாகைக் கோப்பையை முதன்முறையாக வென்றது. சென்ற இடங்கள் பலவாயினும், வேரூன்றி உழைத்த இடம் அவரை மறக்கவில்லை.

அவருக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறைத்தல் கூடாது. அவரை நாடுகள் அழைத்தன. நம் முன்னோரை எவரும் அழைக்கவில்லை. பசியும் வறட்சியும் துரத்த, ரயிலேறி வந்தார்கள். விருப்பம்போல் திரும்பிச் செல்லும் வசதியும் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆகவே பாட்டனார் "நம்ம ஊர்" என்று சொல்லும்போது, அது விளையாட்டுப் பேச்சன்று. விட்டு வந்ததை எண்ணி வருந்தும் குரல். அதைப் பேரன் உணர வேண்டும். பேரன் "எனக்கு ஊர் இதுதான்" என்னும்போது, அது நன்றிகெட்ட சொல்லுமன்று. பாட்டனாரின் உழைப்பு இம்மண்ணில் வேரூன்றிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அதைப் பாட்டனார் உணர வேண்டும்.

நம் தீர்ப்பு இதுவே: மும்பைக்காக ஆர்ப்பரிக்கும் பிள்ளையை எவரும் கடிந்துகொள்ள வேண்டா. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் பெற்றோர்க்கும் இதையே சொல்வோம். ஆனால் அப்பிள்ளை தாத்தாவின் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்தவனாய் இருத்தல் வேண்டும். அவ்வூர்க் கதைகளை அவர் வாயால் கேட்டவனாயும் இருத்தல் வேண்டும். அடுத்த முறை இரு குழுக்களும் மோதும்போது இருவரும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்கட்டும். தோற்ற பக்கத்தார் வென்ற பக்கத்தாருக்குக் காபி போட்டுக் கொடுக்கட்டும்.

அன்று நம்மையும் அழைத்தால் வரச் சித்தமாயிருக்கிறோம்.