பிழை வைத்துப் பிழை தேடுவோர்

மதுரைத் திட்டத்தின் மின்னூல் ஒவ்வொன்றின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். 1998 முதல் ஊதியம் எதுவுமின்றி நடந்துவரும் பணி அது. நாம் அப்பெயர்களைத் தாண்டி நேரே பாடலுக்குப் போய்விடுகிறோம். மெய்ப்பாளரின் உழைப்பு கண்ணில் படாதிருப்பதே அதன் வெற்றி. அதே வகை உழைப்புக்கு ஆள் வேண்டி நிற்கிறது இன்னொரு துறை.

எந்த மின்னணுக் கருவியைத் திறந்தாலும் உள்ளே செப்புத் தடங்கள் ஓடும் மின்சுற்றுப் பலகை ஒன்று இருக்கும். அதை வரைவதற்கான கட்டற்ற மென்பொருள் கீகேட். பிரான்சின் ழான்-பியேர் ஷராஸ் 1992-இல் தொடங்கியது. பின்னர் செர்ன் ஆய்வுக்கூடமும் கைகொடுத்தது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தினர் கீகேடையும் வேறு சில கட்டற்ற மென்பொருள்களையும் இணைத்து ஈசிம் என்பதை உருவாக்கினர். வணிக மென்பொருளின் உரிமக் கட்டணம் எட்டாத விக்கிரவாண்டி மாணவருக்கு இவை எட்டும்.

ஆனால் இலவசம் என்பதற்காகப் பிழை சலுகை காட்டுவதில்லை. திரையில் தவறிய கோட்டை அழிக்கலாம். செப்பில் பதிந்து வந்த கோட்டை அழிக்க இயலாது. தேடல் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டதால் சில வகுத்தல்களுக்குத் தவறான விடை தந்தது பென்டியம் சில்லு. அதற்காக இன்டெல் 1994-இல் 47.5 கோடி டாலரை இழப்பாக எழுதிக்கொண்டது. இன்டெல் தாங்கியது. மென்பொருளின் பிழையால் முதல் பலகை வீணானால், இரண்டாவதற்கு நம் மாணவரிடம் பணமும் இராது, நாளும் இராது.

இங்கேதான் தானியங்கிச் சோதனைகள் தேவைப்படுகின்றன. ஒரு பலகையில் வேண்டுமென்றே மூன்று பிழைகளை வைக்கிறோம். இரு தடங்களை விதிக்கு மாறாக நெருக்கி வரைவது அவற்றுள் ஒன்று. மென்பொருள் மூன்றையும் சுட்ட வேண்டும். இல்லாத நான்காவதைச் சுட்டக்கூடாது. இந்த எதிர்பார்ப்பைச் சிறு நிரலாக எழுதிவிட்டால், மூலநிரலை யார் மாற்றினாலும் கணினியே சரிபார்த்துச் சொல்லிவிடும். கீகேடில் ஒரு பிழையைத் திருத்தியதும், அதைக் காட்டிக்கொடுத்த பலகைக் கோப்பைப் புகார் எண்ணிட்டுச் சோதனைத் தொகுப்பில் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஒருமுறை பிடிபட்ட கள்வனின் கைரேகையைக் காவல் நிலையத்தில் வைத்திருப்பது போன்றது இது.

புதிய வசதியை எழுதுபவருக்குப் பாராட்டு கிடைக்கும். சோதனை எழுதுபவரை யாரும் கவனிப்பதில்லை. எனவே ஆட்கள் குறைவு. இது கீழான வேலை என்போருக்கு ஒரு பதில்: பிழை எங்கே பிறக்கும் என்று அறிந்தவரே பொருத்தமான பிழையை வைக்க முடியும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. தனியார் கல்லூரிகளும் உள்ளன. நம் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்குவது ஊரறிந்த செய்தி. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அது பரணுக்குப் போகும். அதற்கு மாற்றாக, உலகம் முழுவதும் பயன்படும் மென்பொருளுக்குப் பத்துச் சோதனைகள் எழுதி ஏற்கச் செய்த மாணவருக்கு ஏன் மதிப்பெண் தரக்கூடாது? விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊரக மாணவருக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. ஆகவே வழிகாட்ட ஆளில்லை என்ற சாக்கும் செல்லாது.

இதை வாசிப்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். ஒரு வகுப்பில், ஒரு குழுவுக்கு, இந்த ஆண்டே அனுமதி கொடுங்கள்.